வழியில் கண்டதும் வீட்டில் வைத்ததும்

(நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களின் இல்ல வரலாறு)

வெளியூர் சென்று திரும்பும் மனிதன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கோயிலுக்குச் சென்றவன் குங்குமம் கொண்டு வருகிறான். சந்தைக்குச் சென்றவன் சட்டி பானை கொண்டு வருகிறான். கடல் கடந்து சென்றவன் கண்ணாடியும் பீங்கானும் கொண்டு வருகிறான். அவ்வாறு வந்தவை நாளடைவில் வீட்டின் உறுப்பாகிவிடுகின்றன. ஆகவே, ஒரு நாட்டு மக்களின் வீட்டினுள்ளே சென்று பார்ப்போமானால், அவர்கள் எங்கெங்குச் சென்றார்கள், எவரோடு பழகினார்கள், எதை விரும்பினார்கள் என்பன விளங்கும். எதை விரும்பும் உரிமை அவர்களுக்கு இருந்தது என்பதும் உடன் விளங்கும். அரசர்களின் போர்களையும் பட்டங்களையும் விரித்துரைக்கும் நூல்கள் பல உள்ளன. அடுப்பங்கரையும் திண்ணையும் சொல்லும் வரலாற்றைச் செவிமடுப்பார் சிலரே.

பணியின் பொருட்டுப் பல ஊர்களிலிருந்து வந்து ஒரே காலனியில் கூடி வாழ்பவர் நாம். ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர்கள் பல கண்டு வருகிறோம். வந்தவுடன், 'அங்கே கண்ட ஊஞ்சல் போல் நம் வீட்டிலும் ஒன்று வேண்டும். அந்தத் தரை போல் ஊரில் கட்டும் வீட்டிற்கும் அமைய வேண்டும்' என்னும் பேச்சு எழுகிறது. இஃது இயல்பான ஆசையே. இந்த ஆசைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் வண்டியில் அமர்ந்து, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என நிலையப் பலகைகளைப் படித்துக்கொண்டே சென்றால் போதும். அந்தப் பலகைகளுக்குப் பின்னால் உள்ள சிற்றூர்களின் வீடுகளே அவ்வரலாற்றைக் கூறும்.

எல்லைக்கோடும் தச்சன் கோலும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தென்பகுதி இரண்டாயிற்று. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்குத் தெற்கே ஒரு மாநிலம், பாறசாலைக்கு வடக்கே ஒரு மாநிலம் என்று வரைபடம் கூறலாயிற்று. ஆயினும் அக்கோடு வீடுகளின் கூரையைப் பிரிக்கவில்லை. கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் ஆசாரி ஒரே கோலால் அளந்தான். அக்கோல் 24 விரல் நீளமுடையது. 16ஆம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் வடமொழியில் இயற்றிய 'மனுஷ்யாலய சந்திரிகை' மலையாள நாட்டுத் தச்சருக்கு வழிகாட்டியது. தமிழ் நாட்டில் மனையடி சாத்திரம் வழங்கியது. எல்லையில் வாழ்ந்த ஆசாரிக்கு இரண்டும் செவிவழி தெரியும்.

இப்பகுதியின் வீடு மழையை எண்ணிப் பிறந்தது. ஆனி, ஆடியில் ஒரு பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் மற்றொன்று. ஆதலின் கூரை செங்குத்தாகச் சரிந்தது. இறவாரம் தாழ்ந்து இறங்கியது. உள்ளே நுழைவோர் தலை குனிந்தே நுழைய வேண்டும். சுவர் மண்ணாலோ வெட்டுக்கல்லாலோ ஆனது. பலா, அயினி, தேக்கு, முற்றிய பனை ஆகியவை கூரைக்கும் கதவுக்கும் பயன்பட்டன. படிப்புரை, பூமுகம், முற்றம், பத்தாயம், உறி என்னும் சொற்களை இரு மொழியாரும் பொதுவில் ஆண்டனர். நெல்லும் பாத்திரமும் பூட்டி வைக்கும் உள்ளறையை நாஞ்சில் நாட்டார் 'அரங்கு' என்றனர்; வடக்கே உள்ளார் 'அறப்புரை' என்றனர். பெயர் வேறாயினும் பூட்டும் திறவுகோலும் ஒன்றே.

பலா மரத்திற்கு இங்கே தனிச் சிறப்பு ஒன்றுண்டு. பகைவர் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மர் பலா மரம் ஒன்றின் பொந்தினுள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பெயரோடு அம்மரத்தின் எஞ்சிய பகுதியைக் காத்து வருகின்றனர். அரசனுக்கே ஒரு நாள் வீடாய் இருந்தது பலா என்றால், குடிமக்களின் வீட்டில் நிலையும் கதவும் அம்மரத்தால் ஆனதில் வியப்பில்லை.

அரண்மனையில் குடியேறிய அயல்நாட்டுப் பொருள்கள்

பாறசாலையைக் கடந்து குழித்துறை, பள்ளியாடி வழியாக இரணியல் நிலையத்தில் இறங்குவோர் தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனையை எளிதில் அடையலாம். இன்று அது தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. காப்பது கேரளத் தொல்லியல் துறை. 2014 முதல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் அது இடம் பெற்றுள்ளது. 1601 அளவில் வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் எழுப்பிய இவ்வரண்மனையை 1750 அளவில் மார்த்தாண்ட வர்மர் விரித்துக் கட்டினார். 1750 ஜனவரியில் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு ஒப்புவித்த அவர், கல்குளம் என்னும் பழைய பெயரையும் பத்மநாபபுரம் என்று மாற்றினார். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

இவ்வரண்மனையை வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அதன் எளிமை வியப்பளிக்கும். ஓட்டுக்கூரையும் மரச்சுவருமாய், பெரிய தறவாட்டு வீடு ஒன்று வளர்ந்து விரிந்தது போலவே அது தோன்றும். உள்ளே சென்றாலோ உலகமே வந்து அமர்ந்திருக்கிறது. பூமுகத்தில் சீன வணிகர் அளித்த இருக்கை. அதன் மேல் வகைக்கொன்றாக 90 மலர்கள் செதுக்கிய மரவிதானம். குதிரை வீரன் உருவம் தாங்கிய தொங்குவிளக்கு. உப்பரிகை மாளிகையில் மன்னரின் கட்டில். மருந்து மரங்கள் 64 வகை கொண்டு அக்கட்டில் அமைந்தது என்றும், டச்சு வணிகர் அதனைக் காணிக்கையாக அளித்தனர் என்றும் கூறுவர். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றவரும் டச்சுக்காரரே என்பது நினைக்கத்தக்கது. போரும் வணிகமும் ஒரே கடல்வழியில் வந்தன. ஒன்று கோட்டைக்கு வந்தது, மற்றொன்று படுக்கையறைக்கு வந்தது. ஊட்டுப்புரையிலோ இரு தளங்களிலும் சேர்த்து 2000 பேர் உண்ணலாம். அங்கே ஊறுகாய்க்குச் சீன நாட்டுப் பெருஞ்சாடிகள் இருந்தன.

இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. வந்த பொருள் எதுவும் வீட்டை மாற்றிவிடவில்லை. சீனச்சாடி வந்தது, அதில் ஊறியது நம் மாங்காய். டச்சுக் கட்டில் வந்தது. அதன் மேல் நின்ற கூரை நம் ஆசாரியின் கூரை. ஆலோசனை மண்டபமாகிய மந்திரசாலையின் சன்னல்களில் வண்ண அபிரகத் தகடுகள் பதிந்துள்ளன. வெயிலின் சூடும் தெருவின் தூசியும் உள்ளே வாராமல், மெல்லிய ஒளி மட்டும் வந்து தரையில் விழும். அத்தரையோ கண்ணாடி போல் மின்னும் கருநிறம். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து இழைத்தது அது என்பர். சிரட்டையும் சுண்ணாம்பும் நம் புழக்கடைப் பொருள்கள். விலையுயர்ந்த பொருளே வீட்டிற்கு அழகு என்று எண்ணுவோர் அத்தரையில் ஒரு நாழிகை நின்று வருதல் நன்று.

அரண்மனையின் தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுப் புழங்குபொருள்களைக் காட்சிக்கு வைத்துள்ளனர். பயணிகள் பலர் கட்டிலைக் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். நம் குடும்பத்தினர் இக்காட்சியையும் கண்டு வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். மன்னரின் கட்டிலை நாம் செய்வித்துக்கொள்ள முடியாது. புழங்குபொருளிலிருந்து கற்றுக்கொள்ள முடியும்.

தறியைச் சுற்றி அமைந்த வீடு

பத்மநாபபுரத்திற்குப் பொருள்கள் வந்தன. பாலராமபுரத்திற்கு மக்களே வந்தனர். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சாலியர் குடும்பங்கள் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே குடியேறின. மன்னர் பெயரால் அவ்வூர் பாலராமபுரம் ஆயிற்று. ஒற்றைத்தெரு, இரட்டைத்தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு எனத் தெருக்கள் அமைந்தன. நமக்கு இருநூறு ஆண்டு முன்னரே மலையாள நாட்டில் ஒரு தமிழ்க் காலனி அமைந்தது என்றே இதனைக் கொள்ளலாம்.

அவர்கள் எடுத்து வந்தவை பெட்டியில் வைக்கத்தக்க பொருள்களல்ல. கைத்தொழிலும் அதற்கேற்ற வீட்டமைப்பும் ஆகும். வீட்டின் முதன்மையான இடம் தறிக்குரியது. தரையில் குழி வெட்டி, அக்குழியில் கால் தொங்க அமர்ந்து நெய்வர். மண்ணின் ஈரம் அருகில் இருத்தலால் நூல் எளிதில் அறாது. இழை கண்ணுக்குத் தெரியும்படி ஒளி விழும் பக்கத்தில் தறி நிற்கும். பாவு நீளமானது, வீட்டினுள் அடங்காது. ஆகவே விடியற்காலையில் தெருவிலே அதை விரித்துக் கஞ்சி தோய்ப்பர். அங்கே தெருவும் வீட்டின் ஓர் அறையே. பாலராமபுரத்து வேட்டியும் நேரியதும் 2009இல் புவிசார் குறியீடு பெற்றன. மலையாள நாட்டுத் திருமணங்களில் கசவு வேட்டி கண்டு மகிழ்வோர், அக்கசவின் பின்னே தமிழ்க் குடியேறிகளின் இருண்ட தறிக்குழியும் உண்டு என்பதை நினைப்பார்களாக.

நாம் செய்யும் தொழிலுக்கு ஏற்ப வீட்டின் உள்ளமைப்பு இருத்தல் வேண்டும் என்பது இந்நெசவாளர் கற்பிக்கும் பாடம். விருந்தினர் ஆண்டுக்கு ஒரு நாள் அமரும் இருக்கைக்காகக் குழந்தை நாள்தோறும் படிக்கும் இடத்தைச் சுருக்குவோர்க்கு இப்பாடம் பெரிதும் பயன்படும்.

கூரைக்கும் அனுமதி வேண்டிய காலம்

இதுவரை கூறியவை மன்னரின் வீடும் மன்னர் ஆதரித்த குடிகளின் வீடும் ஆகும். பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்த பெரும்பாலோர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தனர்? ஓலைக் குடிசையில் வாழ்ந்தனர். வறுமை மட்டும் அதற்குக் காரணமன்று. பழைய திருவிதாங்கூரில் நாடார், ஈழவர் முதலிய சமூகத்தார் ஒரு நிலைக்கு மேல் வீடு கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. பொன்னணி பூணக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இருந்தன. அவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர், பறையர் நிலையோ இன்னும் கொடிது. 1855இல் அடிமை முறை சட்டப்படி ஒழியும் வரை அவர்களுள் பலர் விற்கவும் வாங்கவும் பட்டனர். கையில் பொருள் இருந்தும் விரும்பியபடி வீடு கட்ட முடியாதவனுக்கு அழகுணர்ச்சி என்ன பயன் தரும்?

இந்நிலை மாறியதில் பயணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் திருவிதாங்கூர் மக்கள் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அங்கே உழைப்புக்கு நாணயமாகக் கூலி கிடைத்தது. திரும்பி வந்தவர் கையில் பணமும் நெஞ்சில் ஒரு கேள்வியும் இருந்தன. கிறித்தவச் சமயத் தொண்டர்கள் பாறசாலையிலும் நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் நிறுவிய பள்ளிகள் அக்கேள்விக்கு எழுத்து வடிவம் தந்தன. 1859 ஜூலை 26ஆம் நாள், நெடிய போராட்டத்துக்குப் பின், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணிவதற்கான அரச ஆணை வெளிவந்தது. 1865இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பயிரிட்டவருக்கு அந்நிலத்தின் முழு உரிமையை அளித்தது. தன் நிலம் என்று ஒன்று இருந்தால்தானே அதில் தன் வீடு என்று ஒன்று எழும்?

பயணம் செய்யும் உரிமையே மறுக்கப்பட்டோரும் இருந்தனர். நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, புலையர் நடக்கக் கூடாது என்றிருந்த பொதுச் சாலையில் அதில் அமர்ந்து சென்றார். அது சிறிது தொலைவே ஓடிய வண்டியாயினும், நாம் இன்று ஏறும் எந்த விரைவு வண்டியும் அதனினும் நெடுந்தொலைவு சென்றதில்லை. ஸ்ரீ நாராயண குரு தமிழ் நாட்டிலும் மருத்துவாமலையிலும் திரிந்து, பின்னர் நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் தங்கினார். 1888இல் அந்த ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லையே சிவனாக நிறுவினார். 1927இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோடத்தில் அவர் கருவறையில் வைத்தது கண்ணாடி. செல்வர் வீட்டில் அணி பார்க்கத் தொங்கிய கண்ணாடி, அங்கே தன்னைத் தானே மதிக்கக் கற்பிக்கும் திருவுருவாயிற்று. 1936 நவம்பர் 12ஆம் நாள் கோயில் நுழைவு விளம்பரமும் வந்தது.

ஆகவே, இவ்வெல்லைச் சிற்றூர்களில் பயணம் கொண்டு வந்த பொருள்களுள் தலையாயது பீங்கானும் அன்று, பளிங்கும் அன்று. தன் வீட்டைத் தான் விரும்பியபடி அமைக்கும் உரிமையே அது. ஓடு வேய்ந்த ஒரு சிறு வீடு இப்பகுதியில் எழுந்தபோது, அஃது அழகுக்காக மட்டும் எழவில்லை. மாடி கட்டியவன் காற்றுக்காக மட்டும் கட்டவில்லை. அயலார் கண்ணுக்கு ஆடம்பரமாகத் தோன்றிய வண்ணச் சுவருக்குப் பின்னே, ஓலைக்குடிசையில் குனிந்து வாழ்ந்த மூன்று தலைமுறை இருந்தது. பிறர் வீட்டைக் கண்டு எள்ளி நகையாடுமுன் இதனை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓடும் இருப்புப்பாதையும்

நில உரிமை வந்த அதே 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது. ஒன்றோடொன்று கொளுவும் அந்தச் சப்பை ஓடு, பழைய நாட்டோட்டைவிடக் குறைந்த மரச்சட்டத்தின் மேல் நின்றது; மழைநீரை விரைவில் வடித்தது. நாளடைவில் மேற்குக் கரையெங்கும் அது பரவியது. செர்மானிய நாட்டவர் வகுத்த ஓட்டை இன்று யாரேனும் அயல்நாட்டுப் பொருள் என்பரோ? நம் மழைக்கு அது பொருந்தியது, ஆகவே நம்முடையதாயிற்று.

இருப்புப்பாதை இப்பகுதிக்கு மெல்லவே வந்தது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்தைத் தொட்டது. 1918இல் திருவனந்தபுரத்தை எட்டியது. 1931இல் நகரின் நடுவே தம்பானூருக்கு வந்தது. அதற்கப்பால் தெற்கே செல்ல மேலும் 48 ஆண்டுகள் ஆயின. 1979இல்தான் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கன்னியாகுமரிப் பாதையில் நிலையங்களாயின. அதுவரை நாகர்கோவில் சாலையில் மாட்டுவண்டியும் பின்னர்ப் பேருந்துமே பொருளையும் கருத்தையும் சுமந்தன. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் அச்சாலை வழியே குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் சென்று திரும்புகின்றனர். எல்லை கடக்கும் இப்பயணம் மாநிலங்கள் பிரிந்த பின்னரும் நிற்கவில்லை.

பயணம் வீட்டை எவ்வளவு மாற்றும் என்பதற்குச் செட்டிநாடு மற்றொரு சான்று. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார், அந்நாட்டுத் தேக்கையும், இத்தாலியப் பளிங்கையும், ஜப்பானியப் பூவோட்டையும் காரைக்குடிப் பக்கம் கொண்டு வந்து குவித்தனர். ஆயினும் அங்கும் நடுவே முற்றமே நின்றது. சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காய் நீருமே மெருகு தந்தன. ஆத்தங்குடியில் உள்ளூர் மணலையும் சிமிட்டியையும் வண்ணத்தையும் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துக் கையாலே தரைக்கல் செய்யும் தொழில் வளர்ந்தது. 1942இல் பர்மா கைவிட்டுப் போயிற்று. அந்த வணிகமும் போயிற்று. ஆத்தங்குடிக் கல்லோ இன்றும் விலை போகிறது. இறக்குமதி செய்த பொருள் தீர்ந்துவிடும். கற்றுக்கொண்ட கைத்திறன் தீராது.

பர்மிங்காமிலிருந்து வந்த பெரியார்

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வருவோர் அருகில் செங்கல் கோபுரம் போன்ற இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தைக் காண்பர். உள்ளே மாடிப்படி இல்லை. சுழன்று ஏறும் சரிவுத்தளமே உண்டு. மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு கட்டடமாக அமைந்தவை. செங்கல் இடைவெளிகளே சன்னல். காபி அருந்தும் ஆயிரவருள் எத்தனை பேர் அதை அமைத்தவரை அறிவர்?

அவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்து கட்டடக்கலை பயின்றவர். போர்க்காலத்தில் சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்து திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். கட்டும் இடத்திலிருந்து ஐந்து கல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் வீடு அமைய வேண்டும் என்பது காந்தியடிகளின் கருத்து. அச்சொல்லை பேக்கர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1945இல் இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பகுதியாகிய பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின் கேரளம் அடைந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்தார். சென்ற இடமெல்லாம் சிற்றூர் மக்களின் வீடுகளை நுணுகிக் கண்டார். செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார். அதனால் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாயிற்று. சுவருள் அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுத்தது. மேல்தளத்துக் காங்கிரீட்டில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமிட்டியின் அளவைக் குறைத்தார். பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2007இல் மறைந்தார்.

பயணத்திலிருந்து வீட்டிற்குக் கருத்துப் பெறுவது எப்படி என்பதற்கு இப்பெரியாரே சிறந்த சான்று. அவர் பர்மிங்காம் வீட்டை இங்கே கொண்டு வரவில்லை. இமயமலை வீட்டையும் கொண்டு வரவில்லை. 'இங்கே உள்ளவர்கள் ஏன் இவ்வாறு கட்டினார்கள்?' என்னும் வினாவை மட்டும் ஒவ்வோர் ஊருக்கும் கொண்டு சென்றார்.

நாம் செய்யத் தக்கது

வளைகுடா நாடுகளுக்கு மக்கள் சென்று வரத் தொடங்கிய 1970களுக்குப் பின் இப்பகுதியில் வீடு கட்டும் வேகம் மிகுந்தது. முன்னாளில் இலங்கை செய்ததை இந்நாளில் வளைகுடா செய்கிறது. அதனை யாரும் குறை கூற முடியாது. ஆயினும் ஒரு கவலை உண்டு. புது வீட்டிற்கு இடம் வேண்டிப் பழைய வீட்டை இடிக்கிறோம். பலாமரக் கதவும், அயினிப் பத்தாயமும், மரவிதானமும் பழம்பொருள் வணிகர் வண்டியில் ஏறுகின்றன. பின்னர் அவை விடுதிகளின் முகப்பில் நிற்க, நாமே கட்டணம் செலுத்தி அங்குத் தங்கி, அவற்றின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்! சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996 முதல் நடைபெறும் தட்சிணசித்ராவில், பிரித்துக் கொண்டு வந்து மீண்டும் நிறுவிய செட்டிநாட்டு வீடும் திருவனந்தபுரத்துப் பக்க வீடும் உள்ளன. அவை அழியாமல் காத்தவர்களை வணங்குவோம். அதே வேளையில், எல்லாப் பழைய வீடும் கண்காட்சிக்குச் சென்று பிழைக்க முடியாது என்பதையும் உணர்வோம்.

பழையன யாவும் நல்லன என்பது என் கருத்தன்று. பழைய அடுக்களையில் நம் பாட்டிமார் புகையில் கண் கலங்கினர். அரங்கினுள் ஒளி இல்லை. மகளிர் மரச்சட்டத் துளை வழியே உலகைப் பார்த்தனர். உழைத்தவர் முற்றத்துக்கு அப்பால் நின்றே கூலி பெற்றனர். இவற்றை எந்த ஆசாரியும் மீண்டும் கட்ட வேண்டாம். காற்று, நிழல், மழை காக்கும் கூரை, தொழிலுக்கேற்ற இடம், நெடுநாள் உழைக்கும் மரம் ஆகியவற்றையே நாம் கொள்ள வேண்டும்.

சுற்றுலா சென்ற ஊரில் ஒரு வீட்டையோ அரண்மனையையோ கண்டு மகிழும்போது மூன்று வினாக்களை எழுப்புவது நலம். இஃது எந்த மழைக்கும் வெயிலுக்கும் அமைந்தது? இதைச் செய்தவர் யார். நம் ஊரில் அத்தகைய கைத்திறன் உண்டா? இதைக் கொண்டு வந்து வைத்தால் நம் வீட்டில் யாருடைய வேலை குறையும், யாருடைய வேலை கூடும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின் வாங்கும் பொருள் வீட்டிற்குச் சுமையாகாது.

ஊரில் பழைய வீடு உடையோர்க்கு மற்றொரு விண்ணப்பம். இடிப்பது என்று முடிவாகிவிட்டால், இடிக்குமுன் ஒரு நாள் குடும்பத்தோடு அங்கே செல்லுங்கள். ஒவ்வோர் அறைக்கும் வழங்கிய பெயரை வீட்டு மூத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீள அகலங்களைக் குழந்தைகளைக் கொண்டு அளந்து, தாளில் வரையச் செய்யுங்கள். ஒரு கதவையோ, ஒரு நிலையையோ விற்காமல் புது வீட்டில் பொருத்துங்கள். காலனிக் குடியிருப்பில் சுவரை மாற்ற நமக்கு உரிமையில்லை. ஆயினும் பாலராமபுரத்து நேரியது ஒன்று சன்னலுக்குத் திரையாகலாம். பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு கூடத்தில் நிற்கலாம். அரங்கு என்றும் பத்தாயம் என்றும் உறி என்றும் நாம் சொல்லும் சொல்லைக் குழந்தைகள் கேட்கலாம். இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

அனுமதி வேண்டியிருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். இன்ன கூரை, இன்ன சுவர் என்று தாமே தேர்ந்துகொள்ளும் நிலையை அவர்கள் நடந்தும், கடல் கடந்தும், வழக்காடியும், அடிபட்டும் நமக்கு ஈட்டித் தந்தனர். அத்தகைய அரிய உரிமையைப் பிறரைப் பார்த்துப் பின்பற்றுவதிலேயே செலவிட்டுவிடாமல், நம் மண்ணும் மழையும் தொழிலும் அறிந்து பயன்படுத்துவோமாக. நம் சங்கமும் பல ஊர்ப் பொருள்கள் ஒரு கூரையின் கீழ்ப் பொருந்தி நிற்கும் வீடு போன்றதே. அவ்வீடு நெடுநாள் நின்று நிழல் தருக!